கால் மைல் சுருள்

உதுமாலெப்பை ஹாஜியாரின் மில்லில் இருந்து
நெல் நிறுக்கும் தராசு நாலு
இரவல் வாங்கி வந்தேன் சம்மாந்துறைக் கராஜுக்கு.
சக்கரத்துக்கு ஒன்று.
முன் இடது, இருநூற்று முப்பத்தாறு கிலோ.
முன் வலது, முபீஸ் உள்ளே குந்தியிருக்க, இருநூற்று அறுபத்திரண்டு.
"மூட்டைக்கணக்கில சொல்லுங்க காக்கா" என்று சிரித்தான்.
தட்டில் உமி இன்னும் ஒட்டிக்கிடந்தது.

மேசையில் இரண்டு சுருள்.
ரோட்டுக்குரியது குட்டை, தடித்த கம்பி,
கழுத்தில்லாத மல்லன்.
மற்றது மூன்று அங்குலம் உயரம், மெலிந்த கம்பி,
காய்ச்சலில் கிடந்து எழும்பினதுபோல.
"இதையா பந்தயத்துக்குப் போடப்போறீங்க?"
பந்தயமென்றால் எல்லாம் இறுகவேணும்
என்று நம்புகிறவன் அவன்.

போட்டுப் பார்த்தோம்.
குட்டை ஐந்து அங்குலம் பணிந்தது,
நெட்டை எட்டு.
வெளியே நின்று பார்த்தால்
இரண்டுக்கும் கார் ஒரே உயரம்,
ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அதே மூன்று விரல்.
எது எவ்வளவை அடக்கிக்கொண்டிருக்கிறதென்று
நிற்கிற கோலம் சொல்லாது.

ரோட்டுச் சுருளுக்கு ஆயிரம் வேலை:
மழை தின்ற குழி,
குறுக்கே படுத்து அசைபோடும் மாடு,
கல்முனைச் சந்தியில் திடீர்ப் பிரேக்,
பின் சீட்டில் மூன்று பேரும் ஒரு பலாப்பழமும்.
எல்லாருக்கும் கொஞ்சம் இணங்கும்,
ஒருவருக்கும் முழுக்க இணங்காது.

நெட்டைக்கு ஒன்றே ஒன்று.
பச்சை விழுந்ததும் மூக்கைத் தூக்கிவிடவேணும்.
மூக்கு எழும்ப, பாரம் பின்னால் சாயும்,
சாய்ந்த பாரம் பின் ரயரைத் தாரில் அழுத்தும்,
அழுத்தின ரயர் வழுக்காது.
மிச்சத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.
முன் சொக்கைத் தளர்த்தினேன், தடையின்றி நிமிரட்டும் என்று.
முறுக்கில் வலப்பக்கம் குந்திவிடும் என்பதால்
பின் வலதுச் சுருளுக்குள் மட்டும்
ஒரு ரப்பர் கட்டை செருகினேன்.

ஞாயிறு,
அம்பாறைப் பக்கம், அரிதாள் வயலின் நடுவே
அனுமதி எடுத்து மறித்த நேர் ரோட்டு.
பச்சை.
டி.எக்ஸ் கொரொல்லா நிமிர்ந்தது,
உறங்கினவன் தன் பேர் கேட்டு எழும்பினாற்போல.
பதினாலு செக்கன் சொச்சம்.
முபீஸ் போட்ட சத்தத்தில்
வரம்புக் கொக்குகள் எல்லாம் கிளம்பின.

"நாளைக்கே கொண்டு வா, மாற்றித் தாறன்" என்றேன்.
வரவில்லை.
வென்றதைக் கழற்ற யாருக்கு மனம் வரும்?

புதன் முதல் நோன்பு.
வியாழன் அஸருக்குப் பின்
பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சி வாளி
மனைவி சிபாயாவின் மடியில்.
காரைதீவில் மாமி வீட்டுக்குப் பயணம்.
முதல் பம்பில் கார் தலையாட்டியது.
பம்ப் போய்விட்டது, தலையாட்டல் போகவில்லை.
வளைவில் ஒருபக்கம் சரிந்தது.
முன்னால் ஓட்டோ ஒன்று சிக்னல் இல்லாமல் திரும்ப,
பிரேக்.
மூக்கு தாரை முகர்ந்தது.
"இது மேல பார்க்கிற கார்தானே,
இப்ப ஏன் கீழ பார்க்குது?"
சிபாயா கேட்டது அவ்வளவுதானாம்.
நோன்பு திறக்கும்வரை பிறகு பேச்சில்லையாம்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் வந்து நின்றான்.
காருக்குள் ரம்பை, இஞ்சி, புளித்த தேங்காய்ப்பால்.
அமுக்கி பூட்டி நெட்டையை இறக்கினேன்.
திருகுத் திருகாகத் தளர்த்துகையில்
எதிரே குனிந்து பார்த்தவனைத்
தோளில் பிடித்து ஒதுக்கினேன்.
அடங்கிக் கிடக்கிறதுதான்.
ஆனால் கை தவறினால்
எட்டு அங்குலத்தையும் ஒரே மூச்சில் கேட்கும்.

தராசுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"எத்தின மூட்டை வந்திச்சு?" என்றார் ஹாஜியார்.
"பதினாலு.
கஞ்சி தனி."